வட்டத்தில் விழுந்த வெட்டு

1949. பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோயிலோ பகுதி. அபெலார்டோ அகிலார் என்கிற டாக்டர் கொஞ்சம் மண்ணை எடுத்து, பொட்டலம் கட்டி, கடல் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்த இடம், எலி லில்லி மருந்துக் கம்பெனி.

மண்ணைப் போய் யாராவது பார்சல் அனுப்புவார்களா? அந்தக் காலத்தில் அனுப்பினார்கள்! 1943-ல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்ததிலிருந்தே, மருந்துக் கம்பெனிகள் எந்த ஊர் மண்ணையும் விட்டுவைக்கவில்லை.

இலோயிலோ மண்ணில் அதிர்ஷ்டம் இருந்தது. அதிலிருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருள்தான் எரித்ரோமைசின். 1952-ல் 'இலோட்டைசின்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மண்ணைக் கொடுத்த ஊரின் பெயர் மருந்தில் ஏறிவிட்டது. மண்ணை அனுப்பியவருக்கு ராயல்டி வரவில்லை என்பது பிலிப்பைன்ஸில் இன்றைக்கும் பேசப்படும் மனக்குறை. அது தனிக் கதை.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புது மருந்து வரப்பிரசாதமாக இருந்தது. ஆனால், சில வருடங்களிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா அதை மதிக்காமல் வளர ஆரம்பித்தது. கட்டி, சீழ் சமாசாரங்களில் அடிக்கடி மாட்டுகிற ஆசாமி இது. மருந்துக்குப் பாக்டீரியா பழகிப்போவது புதுசில்லை. பழகிய விதம்தான் விசித்திரம்.

1956-ல் ஷபேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அந்த விசித்திரத்தைப் பதிவு செய்தார். கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மருந்தில் தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராது. அழகாக ஒரு வெற்று வட்டம் விழும். ஸ்பைராமைசின் என்ற மருந்துக்கு வட்டம் ஜோராக விழுந்தது. பக்கத்திலேயே எரித்ரோமைசின் வில்லையை வைத்தால்... அந்தப் பக்கம் மட்டும் வட்டம் தட்டையாகிவிட்டது! யாரோ கத்தியால் ஓரத்தை வெட்டிவிட்ட மாதிரி. அதாவது, எரித்ரோமைசின் அங்கே கொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்த எதையோ உசுப்பிவிட்டு, கூட வந்த மருந்தையும் சேர்த்துக் கெடுத்தது.

எதை உசுப்பியது? 1971-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெர்னார்ட் வைஸ்பிளம் பாதி விடை சொன்னார். எரித்ரோமைசின் போய் உட்காரும் இடம், பாக்டீரியாவின் ரைபோசோம். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் எந்திரம். விவரமான பாக்டீரியாவிடம் ஒரு என்சைம் இருக்கிறது. மருந்து உட்காரும் அதே இடத்தில் அது ஒரு சின்ன மேடு வைத்துவிடும். அப்புறம் மருந்துக்கு உட்கார இடமில்லை. அதே பக்கமாக வந்து உட்காரும் வேறு மருந்துகளுக்கும் இல்லை.

சரி, மருந்து வந்தால் மட்டும் அந்த என்சைமைத் தயாரிக்க வேண்டும் என்று பாக்டீரியாவுக்கு யார் சொன்னது? வாசலில் ஒரு காவல்காரப் புரதம் இருக்கும், மருந்தைப் பார்த்ததும் குரல் கொடுக்கும் என்பதுதான் அந்த நாளைய சம்பிரதாயமான எதிர்பார்ப்பு. 1980-ல் வைஸ்பிளமும் ஹோரினோச்சியும் ஒரு பக்கம், நியூயார்க்கில் டேவிட் டுப்னாவின் குழு இன்னொரு பக்கம் என்சைமின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். காவல்காரனைக் காணோம். என்சைமின் செய்திக்கு முன்னால் ஒரு துக்கடாப் புரதத்தின் குறிப்பு மட்டும் எழுதியிருந்தது. மொத்தமே 19 அமினோ அமிலங்கள். இதை வைத்து என்ன செய்ய?

ரைபோசோமை ஒரு முறுக்கு அச்சாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாவு மாதிரி அமினோ அமிலங்கள் போகின்றன. ஒவ்வொன்றாகக் கோத்த சங்கிலி ஒரு குழாய் வழியே வெளியே வருகிறது. பாக்டீரியாவில் வினாடிக்கு 15, 20 வீதம் கோக்கும் வேகம். எரித்ரோமைசின் போய் ஒட்டிக்கொள்வது அந்தக் குழாயின் உள் வாயில்.

மருந்து இல்லாத நாளில் ரைபோசோம் அந்தத் துக்கடாவைச் சட்டென்று பிழிந்துவிட்டுப் போய்விடும். அடுத்து இருக்கும் என்சைம் செய்தியின் தொடக்கம் கொண்டை ஊசி மாதிரி மடிந்து மறைந்தே இருக்கும். யாரும் படிக்க முடியாது. மருந்து வந்துவிட்டால்? ஒன்பதாவது அமினோ அமிலம் வந்ததும் அச்சு ஸ்தம்பித்து நிற்கிறது. நின்ற இடத்தின் பாரத்தில் மடிப்பு குலைந்து, மறைந்திருந்த தொடக்கம் வெளியே தெரிகிறது. இன்னொரு ரைபோசோம் வந்து என்சைமைத் தயாரித்துவிடுகிறது. அந்த இன்னொன்று எப்படித் தப்பித்தது என்று கேட்பீர்கள். மருந்து குறைவாக இருக்கும் இடத்தில் எல்லா ரைபோசோமும் மாட்டுவதில்லை. அதனால்தான் தட்டில், வில்லையைவிட்டு விலகிய இடத்தில் அந்த வெட்டு விழுந்தது!

ரொம்ப நாள் இதை ஒரு சாதாரண அடைப்பு என்றுதான் நினைத்தார்கள். குழாயில் தக்கை, அவ்வளவுதான். 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு, சாக்கடலில் வாழும் ஓர் உயிரியின் ரைபோசோமை அணு அணுவாகப் படம் எடுத்தபோது, குழாயின் உட்சுவரை டெஃப்லானுக்கு ஒப்பிட்டார்கள். எதுவும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறுமாம். (சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அடா யோனத் ஆகியோருடன் ஸ்டைட்ஸ் 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்தப் படங்களுக்காகத்தான்.)

டெஃப்லான் கதை ரொம்ப நாள் ஓடவில்லை. 2002-ல் கியோட்டோவில் நகாடோகாவாவும் கொரியாகி இடோவும் செக்-எம் என்ற புரதத்தைக் காட்டினார்கள். மருந்தே இல்லாமல், 166-வது அமினோ அமிலம் வரும்போது தான் பிறந்துகொண்டிருக்கும் ரைபோசோமையே அது நிறுத்திவிடுகிறது! வெளியே வந்த தலையை இன்னொரு எந்திரம் பிடித்து இழுத்தால்தான் பூட்டு விடும். குழாயின் சுவருக்குப் படிக்கத் தெரியும். எந்தச் சங்கிலி போகிறது என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

2008-ல் சிகாகோவில் நோரா வாஸ்கெஸ்-லாஸ்லோப்பும் அலெக்ஸாண்டர் மான்கினும் எரித்ரோமைசின் விஷயத்திலும் இதே கதைதான் என்று நிரூபித்தார்கள். ஒன்பதில் கடைசி நாலு அமினோ அமிலங்கள்தான் சூத்திரதாரிகள். அவற்றை மாற்றினால், மருந்து குழாயில் குந்தியிருந்தாலும் பூட்டு சரியாக விழுவதில்லை. 2012-ல் மான்கின் குழு இன்னொன்றும் சொன்னது. மருந்து உட்கார்ந்த குழாய் வழியாகவும் சில புரதங்கள் நெளிந்து வெளியே வந்துவிடுகின்றன. ஆக, தக்கை என்பதே தப்பு. பாதி பூட்டு மருந்து. மீதி பூட்டு புதிதாகப் பிறந்த அந்தத் துக்கடாச் சங்கிலி. எதிரி அனுப்பிய ஆயுதத்தின் பாதியையே அழைப்பு மணியாக்கிக்கொண்ட கில்லாடித்தனத்தை என்னவென்று சொல்வது!

ஷபேர் பார்த்த வெட்டு இன்றைக்கும் லேப்களில் வேலை செய்கிறது. புண்ணிலிருந்து சீழ் எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்குப் போகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் இருக்கிறது, எரித்ரோமைசின் கேட்கவில்லை, கிளிண்டாமைசின் கேட்கிறது. உடனே எழுதிக் கொடுத்துவிட முடியாது. கிளிண்டாமைசினுக்கு அந்த மணியை அடிக்கத் தெரியாது. அதனால் தனியாக வைத்தால் வட்டம் ஒழுங்காகவே விழும். உள்ளே மணி இருக்கிறதா என்று தெரியாது. ஆகவே, இரண்டு வில்லைகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் தட்டில் வைத்து ஒரு ராத்திரி காத்திருக்கிறார்கள்.

காலையில் முழு வட்டம் இருந்தால் கிளிண்டாமைசின் கொடுக்கலாம். எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி, ஆங்கில எழுத்து 'டி' போலத் தெரிந்தால், ரிப்போர்ட்டில் கிளிண்டாமைசினுக்கு நேரே 'ரெசிஸ்டன்ட்' என்று விழும். அந்தச் சோதனைக்குப் பெயரே டி-டெஸ்ட்.