நிஜாம் படை மருத்துவரின் சமையல் புத்தகம்

இந்தத் தொடரில் சென்ற வாரம் லண்டன் சமையல் நூல்களைப் பார்த்தோம். ஹ்யூ பிளாட் 1600 வாக்கில் சீமாட்டிகளுக்காக எழுதிய நூல், பூக்களைச் சர்க்கரையில் பதப்படுத்தவும் பன்னீர் வடிக்கவும் சொல்லிக்கொடுத்தது. 1615-ல் ஜெர்வஸ் மார்க்கம், வைத்தியம், சமையல், வெண்ணெய் எடுப்பது, பீர் காய்ச்சுவது எல்லாவற்றையும் இல்லத்தரசிக்கென்று ஒரே நூலில் சேர்த்தார். 1747-ல் ஹன்னா கிளாஸ், இந்தியாவைக் கண்ணால் பாராமலே, மிளகும் கொத்தமல்லி விதையும் சேர்த்துக் கோழிக் கறி வைக்கும் முறையை அச்சில் ஏற்றினார்.

அந்த மரபு நூறாண்டுக்குப் பிறகு ஹைதராபாத் ராஜ்யத்தில் வேர்விட்டது. அதை வேரூன்றச் செய்தவர் சமையல்காரரும் அல்ல, இல்லத்தரசியும் அல்ல. நிஜாமின் படையில் மேற்பார்வை மருத்துவராக இருந்த ராபர்ட் ஃப்ளவர் ரிட்டெல்.

இந்தப் படையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பளம் நிஜாமின் கஜானாவிலிருந்து. அதிகாரம் ஆங்கிலேயர் கையில். செகந்திராபாதை அடுத்த பொல்லாரத்தில் அதற்குப் பெரிய முகாம் இருந்தது. செலவு தாங்காமல் நிஜாம் கடனில் மூழ்க, 1853 ஒப்பந்தப்படி பேரார் மாகாணமே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போனது. ஒரு ராஜ்யத்தின் பருத்தி நிலத்தை விழுங்கிய படை அது. அதன் அதிகாரிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ரிட்டெலின் ‘இந்தியன் டொமஸ்டிக் எகானமி அண்ட் ரெசீப்ட் புக்’ 1850-ல் நம் சென்னை வேப்பேரியில், கிறிஸ்டியன் நாலெட்ஜ் சொசைட்டியின் அச்சகத்தில் பதிப்பானது. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. மேற்கு இந்தியத் தோட்டக்கலைக் கையேட்டின் ஆசிரியர் என்ற அடையாளம் மட்டுமே. குடும்பங்களுக்கும், படை மெஸ்களுக்கும், தொலைதூர ஊர்களில் தனியாக இருப்பவர்களுக்கும் உடனடியாக உதவும் நூல் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் கடை கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள மாமியார் கிடையாது. அப்படி இருந்தவர்களுக்கு மார்க்கம் வகுத்த பழைய வடிவம்தான் கச்சிதமாகப் பொருந்தியது. ஆகவே புட்டிங், கேக், ஜாம் பக்குவங்களோடு வேலைக்காரர்களின் கடமைகளும் கோழி வளர்ப்பும் ஒரே அட்டைக்குள் வந்தன.

ஆனால் நூலின் உயிர் வேறு பகுதியில் இருக்கிறது. புலாவ், கலியா, கோஃப்தா, கபாப் என்று இந்துஸ்தானிப் பெயர்களோடு, சேர், தோலா அளவுகளில் வரிசையாக வரும் உணவுகளின் பகுதி அது. கிளாஸ் கேள்விப்பட்டு எழுதியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இங்கே நெய்க்கு அளவு இருக்கிறது, தயிருக்கு அளவு இருக்கிறது, மசாலா ஒவ்வொன்றும் பெயரோடு நிற்கிறது. அந்தக் கைப்பக்குவம் மருத்துவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? அடுப்படியில் நின்ற பாவர்ச்சிகள் என்ற சமையல்காரர்களிடமிருந்துதான் வந்திருக்க முடியும். நூலுக்கு ஆசிரியர் என்று அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. மருத்துவர் தன் பெயரைத் தானே விட்டுவிட்டார்; அவர்கள் பெயரை யாரும் கேட்கவே இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

நூல் அடுத்தடுத்துப் பதிப்புகள் கண்டது. 1871-ல் கல்கத்தாவில் தாக்கர் ஸ்பிங்க் நிறுவனமும் வெளியிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் வெள்ளையர் மேஜையில் காற்று மாறியது. 1878-ல் கர்னல் கென்னி ஹெர்பர்ட் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் மதராஸுக்கென ஒரு சமையல் நூல் எழுதியபோது, விருந்துகளில் கறிக்கு இருந்த பழைய மரியாதை போய்விட்டதைப் பதிவு செய்தார். அவரை அடுத்த வாரம் பார்க்கலாம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். செகந்திராபாத், பொல்லாரம், பரங்கிமலை, பெங்களூர் கன்டோன்மென்ட் போன்ற இடங்களில் உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ மெஸ்ஸில் சமையல் பார்த்திருந்தால், அவர் எழுதிவைத்த பழைய நோட்டு வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதில் அவர் பெயரை முதலில் எழுதிவையுங்கள். பிறகு எங்களுக்கும் எழுதுங்கள்.