ருவாண்டாவுக்கு ஏன் யாரும் வரவில்லை?

அயல்நாட்டில் மக்கள் கொல்லப்படும்போது சில நேரம் வெளிநாட்டுப் படைகள் போகின்றன, பல நேரம் போவதில்லை. ஏன் என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். கொடுமையின் அளவு அதைத் தீர்மானிப்பதில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.

1971 மார்ச் 25 இரவே கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை தொடங்கிவிட்டது. இந்தியாவின் முழுப் போர் டிசம்பர் 3-இல்தான் தொடங்கியது. இடையில் சுமார் ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். அந்தச் சுமையும் பகை நாட்டைப் பலவீனப்படுத்தும் வாய்ப்பும் சேர்ந்தே இந்தியாவை நகர்த்தின. போல் பாட்டை 1979-இல் வீழ்த்திய வியட்நாமும், தன் எல்லைக் கிராமங்கள் தாக்கப்பட்ட பிறகே கம்போடியாவுக்குள் நுழைந்தது. நோக்கம் எதுவானாலும் இரண்டு இடங்களிலும் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதை நாம் மறுக்கவில்லை.

அரசுகளுக்கு அப்படியொரு நலன் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1994 ருவாண்டாவைப் பாருங்கள்.

பெல்ஜியக் காலனி ஆட்சி 1930-களில் ஒவ்வொருவருக்கும் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று குறித்த அடையாள அட்டை கொடுத்தது. 1994 ஏப்ரலில் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்தே டுட்சிகளைக் கொன்றார்கள். ஊரையும் தெருவையும் விசாரித்துச் சாதியைக் கண்டுபிடிப்பவர்களிடையே வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அங்கே சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் இருந்தார்கள். ஆயுதக் குவிப்பு பற்றி அவர்களின் தளபதி ரோமியோ டலேர் ஜனவரியிலேயே எச்சரித்திருந்தார். பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்தது. பிரான்சும் பெல்ஜியமும் விமானம் அனுப்பித் தம் குடிமக்களை மீட்டுச் சென்றன. ஏப்ரல் 21-இல் பாதுகாப்பு அவை ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. அந்த அவையில் ருவாண்டா அரசின் பிரதிநிதியும் உறுப்பினராக அமர்ந்திருந்தார்!

முந்தைய ஆண்டு சோமாலியாவில் 18 வீரர்களை இழந்திருந்த அமெரிக்கா, 'இனப்படுகொலை' என்ற சொல்லையே வாரக்கணக்கில் தவிர்த்தது. அப்படி ஒப்புக்கொண்டால் 1948 உடன்படிக்கையின்படி செயல்படச் சொல்வார்களே! நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஜூன் மாதம் பிரான்ஸ் படை அனுப்பியது. அது சிலரைக் காப்பாற்றியது. ஆனால் கொலையாளிகள் பலர் அதன் பாதுகாப்பு வளையம் வழியாகவே தப்பி ஓடினார்கள்.

அந்த நாட்களில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் அந்தோனி லேக்கை மனித உரிமை அமைப்பினர் சந்தித்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். இன்னும் அதிகமாகச் சத்தம் எழுப்புங்கள் என்பதே அவர் தந்த பதில். எச்சரிக்கை வந்திருந்தது, செய்தியும் வந்தது. ஆனால் வாக்களிக்கும் மக்களிடமிருந்து நெருக்கடி வரவில்லை.

இங்கே நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அரசின் கருணையை நம்பிக் காத்திருக்க முடியாது. மௌனமாக இருந்தால் இழப்பு தனக்குத்தான் என்று அரசு உணரும்படி செய்ய வேண்டும். அதற்குத் தெருவிலும் அவையிலும் நம் குரல் வேண்டும், கொலைக்கு அதன் பெயரைச் சொல்லும் துணிவும் வேண்டும். இனி எந்த அரசாவது மனிதாபிமானம் என்று சொல்லிப் படை அனுப்பினால், அதே நாளில் அது எந்த ஊரின் அழுகையைக் கேட்க மறுக்கிறது என்றும் கேளுங்கள், தோழர்களே.