கடற்கணக்கு கரை சேர்ந்த கதை

கடலுக்கும் பீன்யாவுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். இம்மேட்டு நிலத்து ஆலைகளில் உழைக்கும் நம்முள், நாகையிலும் கடலூரிலும் சுற்றத்தாரை விட்டு வந்தோர் உளர். அன்றியும், அளவின் அருமையைத் தொழிலால் அறிந்தவர் நாம். அளவறையில் எழுதிய கணக்கு கடைசற்பொறி அருகே நிற்பவனுக்கு எட்டாவிடில் அதனால் விளையும் பயன் யாது? கடலை அளந்த வரலாறும் இதனையே உணர்த்துகின்றது.

1881-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நிக்கோபார்த் தீவுகளை அடுத்து நிலம் நடுங்கியது. அதனால் எழுந்த ஆழிப்பேரலையைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கடல்மட்டமானிகள் தாளில் கோடாக வரைந்தன. அலை சிறியது, மக்கள் நினைவில் அது தங்கவில்லை. தாளில் தங்கிய கோட்டினைக் கொண்டு, ஓர்ட்டிஸ், பில்ஹாம் என்னும் அறிஞர் இருவர் அந்நடுக்கத்தின் அளவைக் கணித்து 2003-இல் வெளியிட்டனர். நூற்றிருபது ஆண்டு கடந்தும் அழியாத சான்று அது! ஆயினும், ஆய்வேட்டில் ஏறிய அச்செய்தி மீனவர் குப்பத்திற்குச் செல்ல வழியில்லை.

அவ்வழியைச் சமைத்த முயற்சியொன்று புதுவையில் முன்னரே தோன்றியிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்குள்ள சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலையுயர முன்கணிப்பை எடுத்துத் தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியால் அறிவித்தனர். எங்கோ ஒரு நாட்டின் கப்பல்களுக்கென எழுந்த கணக்கு, நம் பரதவர் படகு இறக்குவதா, கரையில் இருப்பதா எனத் தெளியத் துணையாயிற்று.

2004 டிசம்பர் 26 வந்தது. சுமத்திரா அருகே நிகழ்ந்த நடுக்கத்தை ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் கண்டறிந்தது. நம் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. எனினும், இந்தியப் பெருங்கடற் கரைகளுக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு அன்று இல்லை. தமிழகத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். புதுவை நல்லவாட்டிலோ, சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் முழங்கினர். மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். புலம்பெயர்ந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பெருமிதம் கொள்ளலாம்.

ஐதராபாத்தில் 1999-இல் தோன்றிய இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் வழங்கி வருகின்றது. அலை, காற்று பற்றிய அதன் முன்கணிப்பை எவரும் காணலாம். 1990 முதல் 2016 வரை நாட்டின் கரை எங்குத் தேய்ந்தது, எங்கு வளர்ந்தது எனச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 2018-இல் வெளியிட்டது.

கணக்கு வெளிவந்தாற் போதாது. கரையில் வாழ்வோர் காதில், அவர்தம் மொழியில், உரிய பொழுதில் விழ வேண்டும். கடலோரத்தில் உறவுடையோர் அவ்வளவுகளைப் படித்தறிந்து ஊருக்கு உரைப்பாராக! நல்லவாட்டைக் காத்தது ஒரு குரலும் ஓர் ஒலிபெருக்கியுமே அல்லவா?