கரியும் மின்னும்: கே. எஸ். கிருஷ்ணனின் ஆராய்ச்சி

கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்திலே வெட்டியெடுக்கப்படும் காரீயம் தன் தூய்மையாற் புகழ்பெற்றது. காபன் என்னும் ஒரே மூலகத்தாலாய அது மின்னை நன்கு கடத்தும். அதே காபன் வைரமாய் அமைந்தவிடத்துக் கடத்தாது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பொருளன்று, அணுக்களின் அடுக்கேயாகும். அடுக்கிற்கும் இலத்திரன்களின் இயக்கத்திற்குமுள்ள தொடர்பைக் காந்தத்தின் துணைகொண்டு ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழறிஞர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

பாண்டிநாட்டு வத்திராயிருப்பிலே 1898இற் பிறந்த கிருஷ்ணன், மதுரையிலும் சென்னையிலும் கற்று, 1923இற் கல்கத்தாவிலே இராமனுடன் சேர்ந்தார். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவிலே அவர் பங்கு பெரிது. அதனால் உலகம் அவரை இராமனின் துணைவராகவே பெரும்பாலும் நினைவுகூர்கின்றது. அவர் தனித்து நின்று ஆற்றிய பணியோ அவ்வாண்டின் இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகத்திலே தொடங்கியது.

ஆங்கு அவர் நப்தலீன், அந்திரசீன் முதலிய சேதனப் பளிங்குகளை மெல்லிய நாரிலே தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை திரும்பும் பாங்கை அளந்தார். தட்டையான மூலக்கூற்றின் தளத்திற்குச் செங்குத்தான திசையிலே காந்த விலக்கம் மிகுந்திருத்தலைக் கொண்டு, பளிங்கினுள்ளே மூலக்கூறுகள் சாய்ந்து கிடக்கும் நிலையைக் கணித்தார். கருவி எளியது, பெற்ற அறிவோ நுண்ணியது.

1933இற் கல்கத்தாவிற்கு மீண்டபின், கங்குலியுடன் காரீயத்தை ஆராய்ந்தார். காரீயத் தகட்டின் வழியே மின் எளிதிற் செல்லும்; தகட்டிலிருந்து தகட்டிற்குக் கடத்தலோ மிக அரிது. இப்பெருவேற்றுமையை அவ்விருவரும் 1939இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் இலண்டன் அரச கழகம் கிருஷ்ணனை உறுப்பினராக்கிற்று.

1950இல் யப்பானிய அறிஞர் அக்கமத்துவும் இனோக்குச்சியும் பென்சீன் வளையங்கள் பல இணைந்த சேதனப் பொருள்கள் மின் கடத்துதலை அளந்து காட்டினர். சேதனக் குறைகடத்தி என்னும் துறை அதன்பின் வளர்ந்தது. கிருஷ்ணன் ஆராய்ந்த அந்திரசீன் அத்துறைக்கு மாதிரிப் பொருளாயிற்று. கடத்தும் பல்பகுதியங்களைக் கண்ட மூவர் 2000இல் நோபெற் பரிசு பெற்றனர். இன்று கைத்தொலைபேசித் திரைகள் பலவும் சேதனப் பொருள்களாலே ஒளிர்கின்றன. மூலக்கூறு எத்திசை நோக்கிக் கிடக்கின்றது என்னும் கிருஷ்ணனின் வினா இத்துறையில் இன்றும் ஓய்ந்திலது.

1947 முதல் டில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் இயக்குநராயிருந்த கிருஷ்ணன் 1961இல் மறைந்தார். கனியம் மண்ணிற் கிடைப்பது. அதன் இயல்போ வினாவி அளப்போருக்கே புலனாவது. காரீயத்தைத் தோண்டியெடுக்கும் நாட்டின் மாணவர்க்கு அவர் வாழ்க்கை உணர்த்துவது இதுவேயாம்.