லாக்கப்பும் சங்கிலியும்

தோழர்களே, தெருவில் ஒருவர் மனம் குலைந்து கத்தினால் நம் ஊரில் முதலில் போலீசுக்குத்தான் போன் போகிறது. இந்தப் பழக்கத்துக்கு வேர் 1912இல் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட இந்தியப் பைத்தியச் சட்டம், அலைந்து திரியும் மனநோயாளியைக் கைது செய்யக் காவலருக்கு அதிகாரம் தந்தது. அவர் செய்த குற்றம்? திரிந்தது! வீடும் மதிலும் உள்ளவர் உள்ளேயே திரிந்துகொள்ளலாம். நடைபாதையில் கிடப்பவர்தானே காவலர் கண்ணில் படுவார்?

1987இல் புதுச் சட்டம் வந்தது. 'கைது' போய்ப் 'பாதுகாப்பு' என்றானது. ஆனால் சிகிச்சை பக்கத்தில் வந்துவிடவில்லை. கையில் காசில்லாத குடும்பங்கள் ஏர்வாடி தர்காவை நம்பிப் போயின. அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது அதன் பிறகுதான்.

இன்றுள்ளது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. 100ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: காவலர் தன் பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும், எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.