கண்ணாடிக் காலணியும் உலோகப் பாதமும்

"மாமா, இந்தக் கதையில் சிண்ட்ரெல்லாவுக்குக் காலே இரும்பு!"

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் அக்காள் மகள், தடித்த ஆங்கில நாவல் ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டு இவ்வாறு சொன்னாள். பத்தாம் வகுப்பு மாணவி. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் இக்கதை எனக்குப் பிடித்தே தீரும் என்பது அவள் கணக்கு. எனக்கோ சந்தேகம். ஒரு நல்ல பழங்கதைமீது நான்கு திருகாணிகளை முடுக்கிவிட்டால் அது அறிவியல் புனைகதை ஆகிவிடுமா? ஆயினும் குழந்தையின் மனம் நோகக்கூடாதே என்று படிக்கத் தொடங்கினேன். இரண்டே இரவுகளில் முடித்துவிட்டேன். பிறகு அக்கதையின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டேன். அப்பயணத்தில் கண்டவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

துருப்பிடித்த திருகாணி

நாவலின் பெயர் 'சிண்டர்'. அமெரிக்க எழுத்தாளர் மரிசா மேயர் இளைஞர்களுக்காக எழுதிய இந்நூல் 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை நிகழும் இடம், வருங்காலத்தில் எழுப்பப்பட்ட புதிய பெய்ஜிங் நகரம். கதாநாயகி சிண்டர், சந்தையில் கடை போட்டு எந்திரங்களைப் பழுது பார்க்கும் பெண். விபத்தொன்றில் கையும் காலும் இழந்த அவளுக்கு உலோக உறுப்புகள் பொருத்தப்பட்டுள்ளன. உடல் வளர்ந்துவிட்டது, ஆனால் சிறுமியாயிருந்தபோது பொருத்திய பாதம் வளரவில்லை. துருப்பிடித்த திருகாணியைக் கழற்றி அந்தச் சிறிய பாதத்தை அவள் தூக்கி எறிவதில்தான் கதையே தொடங்குகிறது.

மாற்றாந்தாய் உண்டு, அரண்மனை நடன விருந்தும் உண்டு. பூசணிக்காய்த் தேருக்குப் பதிலாகக் குப்பைக் கிடங்கில் கிடந்த ஆரஞ்சு நிறப் பெட்ரோல் கார். படிகளில் ஓடும்போது நழுவி விழுவது காலணியன்று, பாதமே! முடிவை நான் சொல்லப் போவதில்லை. இவ்வரிசையின் அடுத்த நாவல்கள் 2013 முதல் 2015 வரை வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில் நீண்ட கூந்தல் கொண்ட ரபுன்செலின் கோபுரம், பூமியைச் சுற்றும் துணைக்கோளாக மாறியிருக்கிறது.

பழங்கதை எவ்வளவு பழையது?

கதை ஏன் பெய்ஜிங்கில் நடக்க வேண்டும் என்று முதலில் வியந்தேன். வரலாற்றைப் புரட்டியதும் அது பொருத்தமாகவே பட்டது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் டுவான் செங்ஷி என்ற சீன அறிஞர் தொகுத்த நூலில் யே ஷியான் என்ற பெண்ணின் கதை உள்ளது. மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான அவள் ஒரு மீனை அன்புடன் வளர்க்கிறாள். மாற்றாந்தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். மீனின் எலும்புகள் அவளுக்குத் திருவிழா ஆடையும் பொற்காலணிகளும் தருகின்றன. தவறவிட்ட காலணி ஓர் அரசன் கைக்குச் சேர, அது பொருந்தும் பெண்ணை அவன் நாடெங்கும் தேடுகிறான். ஐரோப்பாவில் இக்கதை அச்சேறுவதற்கு ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது இது.

நாம் நன்கறிந்த வடிவம், 1697-ஆம் ஆண்டில் பிரான்சில் சார்லஸ் பெரோ வெளியிட்டது. கண்ணாடிக் காலணியும் நள்ளிரவுக் கெடுவும் நமக்கு அவர் வழியாகவே வந்தன. அந்தக் கண்ணாடியையும் கடிகாரத்தையும் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். பெரோ பல ஆண்டுகள் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சரான கோல்பேரின்கீழ் பணியாற்றியவர். அதே கோல்பேர்தான் 1665-இல் அரசுக் கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவியவர். அத்தொழிற்சாலையின் ஆடிகள் பதிக்கப்பட்ட வெர்சாய் அரண்மனை மண்டபம் 1684-இல் நிறைவுற்றது. 1656-இல் ஊசல் கடிகாரத்தைப் படைத்த ஹைகன்ஸ், பாரிஸ் அறிவியல் கழகத்தில் உறுப்பினராக இருந்தார். பெரோவின் அண்ணன் கிளாடும் அக்கழகத்தின் உறுப்பினரே. பெரோவின் சிண்ட்ரெல்லா விருந்தில் மகிழ்ந்திருக்கும்போது மணி பதினொன்றே முக்கால் அடிப்பதைக் கேட்டு எழுகிறாள். கால் மணிக்கணக்கில் நேரம் அறிந்து ஓடும் பெண், கடிகார யுகத்தின் பெண்ணல்லவா?

பெரோ இவற்றையெல்லாம் திட்டமிட்டுக் கதையில் புகுத்தினார் என்று நான் வாதிடவில்லை. அவர் கண்முன் இருந்த வியத்தகு பொருள்கள் அவர் கதையில் இடம்பெற்றன, அவ்வளவே. அப்படியானால் இன்றைய எழுத்தாளர் உலோகப் பாதத்தைக் கதைக்குள் கொண்டு வந்ததைக் குறை சொல்ல நான் யார்?

சைபார்க் என்ற சொல்

உயிருடலும் எந்திரமும் இணைந்த மனிதரைக் குறிக்கும் 'சைபார்க்' என்ற சொல் 1960-இல் பிறந்தது. மான்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இருவர் அதை உருவாக்கினர். விண்வெளிக்குப் போகும் மனிதன் பூமியின் சூழலைத் தன்னோடு சுமந்து செல்வதைவிட, அவன் உடலையே அங்கு வாழத் தக்கதாக மாற்றலாமே என்பது அவர்கள் எண்ணம்.

சொல் பிறக்கும் முன்பே பொருள் வந்துவிட்டது. 1958-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் முதன்முதலாக இதயத் துடிப்புச் சீராக்கி வைக்கப்பட்டது. அந்த முதற்கருவி சில மணி நேரமே இயங்கியது. எனினும் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அவர் 2001-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அத்தகைய கருவி பொருத்தியவர்கள் இன்று நம் தெருக்களிலேயே நடமாடுகின்றனர். அவர்களை எவரும் எந்திரம் என்று அழைப்பதில்லை.

பாதம் ஒரு நெம்புகோல்

இனி, சிண்டரின் சிறிய பாதத்துக்கு வருவோம். நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. பிறகு உடலின் எடை முன்னோக்கி நகர்கிறது. கடைசியில் விரல்கள் தரையை உந்த, உடல் முன்னே செல்கிறது. பாதம் இங்கே ஒரு நெம்புகோல். அது குட்டையானால் நெம்புகோலின் கரமும் குட்டையாகிவிடும். எடை முன்னோக்கி உருளப் போதிய நீளம் இராது. ஒரு கால் உயரத்திலும் குறைந்தால், உடலின் ஈர்ப்பு மையம் ஒவ்வோர் அடிக்கும் வழக்கத்துக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். அதற்கான ஆற்றலைத் தசைகளே தர வேண்டும். அளவு பொருந்தாத பாதத்தோடு ஆண்டுக்கணக்கில் நடந்தவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதனைப் பண்டை எகிப்தியரும் அறிந்திருந்தனர். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் மம்மியில், மரமும் தோலும் கொண்டு செய்த கால் பெருவிரல் கிடைத்தது. அது வெறும் அலங்காரமாக இருக்கலாம் என்றும் கருதப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாக்கி ஃபிஞ்ச் என்ற ஆய்வாளர் அதைப்போன்ற விரலைச் செய்து, பெருவிரல் இழந்த இருவருக்கு அணிவித்து நடக்கச் செய்தார். 2011-இல் வெளியான அவருடைய முடிவு, அது நடக்கப் பயன்பட்டிருக்கக் கூடியதே என்று காட்டியது.

காலணி வேண்டாத கால்

நம் நாட்டு வரலாறு ஒன்றையும் இங்குக் கூற வேண்டும். 1960-களில் மேலைநாடுகளிலிருந்து வந்த செயற்கைப் பாதம் பூட்ஸுக்குள் மறைத்து அணிவதற்கென்றே அமைந்தது. வெறுங்காலுடன் வயலில் இறங்கவும், தரையில் சம்மணமிட்டு அமரவும், குந்தி உட்காரவும் வேண்டிய நம் மக்களுக்கு அது உதவவில்லை. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரைச் சேர்ந்த கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் ரப்பரும் மரமும் கொண்டு, கால் போலவே தோற்றமுள்ள, எப்பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதத்தை உருவாக்கினர். ஈரத்தில் நனையலாம், செருப்பும் தேவையில்லை. இதுவே புகழ்பெற்ற ஜெய்ப்பூர் கால்.

1981-இல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், இக்காலை அணிந்து பயின்று 1984-இல் மீண்டும் மேடையேறினார். பரதம் வெறுங்காலுடன் ஆடும் கலை என்பதை நினைவிற்கொண்டால், அப்பாதத்தின் பெருமை விளங்கும். அவர் தாங்கிய வலியும் விளங்கும்.

எதை அளக்கிறோம்?

மீண்டும் கதைக்கு. சீனக் கதையிலும் பெரோவின் கதையிலும் காலணி ஓர் அளவுகோல். பொருந்தினால் அரசி, பொருந்தாவிட்டால் யாருமில்லை. 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மானிய வடிவத்தில், ஒருத்தி கால்விரலையும் மற்றொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொண்டு காலணிக்குள் காலைத் திணிக்கிறார்கள். அளவுகோலுக்கு ஏற்ப மனிதரை வெட்டும் கொடுமையை அக்கதை அன்றே சொல்லிவிட்டது.

புதிய நாவலில் அளவுகோல் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் சிண்டரின் உடலைச் சோதித்து, அவள் 36.28 சதவீதம் மனித உடல் அல்ல என்று திரையில் காட்டுகிறார்கள். அந்நாட்டுச் சட்டப்படி அவள் மாற்றாந்தாயின் உடைமை. கொள்ளைநோய்க்கு மருந்து தேடும் சோதனைக்கு அவளைப் போன்றவர்களை இழுத்துச் செல்லலாம். அந்தக் கொள்ளைநோய் கண்டுவிட்ட தங்கைக்காக அவள் துடிப்பதை எந்தத் திரையும் காட்டவில்லை.

இரண்டு தசமத் திருத்தம் கொண்ட அந்த எண் என்னை உறுத்தியது. ஆய்வக வகுப்பில் நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுண்டு: திருகு அளவியால் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அளக்க வேண்டிய கம்பியை விட்டுவிட்டு வேறொன்றை அளந்தால் விடை தவறுதான். சிண்டரின் உடலில் உலோகம் எவ்வளவு என்பதற்கு 36.28 சரியான விடையாக இருக்கலாம். அவளை எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு அது விடையாகாது. மதிப்பெண்ணாலும் உயரத்தாலும் நிறத்தாலும் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் நாமும் அதே பிழையைச் செய்பவர்களே.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "பிடித்ததா, மாமா?" என்று கேட்டாள் அக்காள் மகள். பிடித்தது என்றேன். "அப்படியானால் அடுத்த பாகத்தையும் வாங்கித் தாருங்கள்" என்றாள். வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் படிக்கும் முன் நான் படித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.