250 வாட் கோடு: மின்பைக் கன்ட்ரோலரின் கதை

வீரகேரளம்புதூர்ல இருந்து தென்காசி வழியா குற்றாலத்துக்கு, லைசென்ஸ் கேட்காத மின்பைக்ல கிளம்புறீங்கன்னு வைங்க. எவ்வளவு முறுக்கினாலும் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. "கன்ட்ரோலரைக் கொஞ்சம் மாத்தினா பறக்கும்"னு சொல்ல ஆள் இருக்கும். சரி, அந்த 25 எங்கிருந்து வந்தது?

1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வெளியே வந்துச்சு. அந்த 50 சிசி வெறும் எஞ்சின் அளவு இல்ல, சட்டத்திலும் அது ஒரு எல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம், 50 சிசிக்கு மேற்படாத வண்டியை 16 வயதிலேயே ஓட்டலாம் என்றது. 25 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டியை மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுக்கலை.

மின்மோட்டாருக்கு சிசி ஏது? அதனால 2005-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல புதுசா ஒரு கோடு போட்டாங்க. மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்கணும். எடைக்கும் ஒரு வரம்பு. இதுக்குள்ள அடங்கினா பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். கம்பெனிகள் அந்தக் கோட்டுக்கு ஏத்த மாதிரி வண்டி செஞ்சாங்க.

அந்தக் கோட்டைக் காவல் காக்கிறது கன்ட்ரோலர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கிற சின்னப் பெட்டி. உள்ளே 'ஷண்ட்'னு ஒரு தடிமனான கம்பித் துண்டு இருக்கும். எவ்வளவு கரண்ட் போகுதுன்னு அதை வெச்சுத்தான் பெட்டி அளக்குது. அது மேல ஈயத்தை உருக்கி வெச்சா, கம்பியோட மின்தடை குறையும். 30 ஆம்பியர் போனாலும் 15-தான் போகுதுன்னு கன்ட்ரோலர் நம்பிடும். அதாவது, பெட்டியோட பலத்தை நாம கூட்டலை. அதை ஏமாத்துறோம்.

வெப்பத்தை ஏமாத்த முடியாது. கரண்ட் இரண்டு மடங்கானா, மோட்டார் சுருள்ல சூடு நாலு மடங்கு. வேகத்துக்கும் அதே கதைதான். 25-ல இருந்து 50-க்குப் போக, காத்தை எதிர்க்க மட்டுமே எட்டு மடங்கு சக்தி வேணும். அதுவும் சாரல் சீசன்ல, செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுத்த வைக்கிற அந்தக் காத்து எதிர்ல அடிச்சா, கணக்கு இன்னும் மோசம். எல்லாச் சுமையும் கடைசியில பேட்டரி தலையிலதான் விழும்.

2022 மார்ச்ல வேலூர்ல, வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்பைக் தீப்பிடிச்சு ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனாங்க. அதைக் கன்ட்ரோலர் மாத்துறதோட முடிச்சுப்போட வேண்டாம். ஆனா அந்த வருஷம் நாட்டில் பல இடங்கள்ல நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, 2022 டிசம்பர் 1 முதல் ஏஐஎஸ் 156 தரநிலையின்படி பேட்டரிச் சோதனைகள் கடுமையாச்சு. அந்தச் சோதனை எல்லாம் கம்பெனி வடிவமைச்ச அளவுக்குத்தான். ஈயம் வெச்ச பிறகு ஓடுற வண்டியை யாரும் சோதிச்சுப் பார்க்கலை.

சட்டமும் இறுகிடுச்சு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது.

அபராதம்கூடப் பெரிசில்ல. கோட்டைத் தாண்டின நிமிஷமே உங்க பைக் மோட்டார் வாகனம் ஆகிடுது: பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். நாளைக்கு ரோட்டைக் கடக்கிற ஒரு பெரியவர் மேல அது மோதினா, அவரோட மருத்துவச் செலவுக்குப் பின்னால எந்தக் கம்பெனியும் நிக்காது. முழு நஷ்டஈடும் உங்க கையில இருந்துதான் போகணும். உங்களால முடியலைன்னா, அந்த நஷ்டம் அடிபட்டவரோடதே.

வேகம் வேணும்னா பதிவு எண்ணோட, இன்சூரன்ஸோட வர்ற வேகமான மின்வண்டிகள் இன்னைக்கு ஓசூர்லயே தயாராகுது. விலை கூடத்தான். அந்த விலையில அடிபடப்போற மனுஷனுக்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கு.